பவுடர் பாலிலிருந்து பசும்பாலுக்கு மாற்றுவது: எப்போது, எப்படி, எவ்வளவு?

கேள்வி – மழலைத்தாய்

என் மகளுக்கு அடுத்த மாதத் தொடக்கத்தில் ஒரு வயது நிறைகிறது. தாய்ப்பால் போதாமல் போனதால், பிறந்த சில வாரங்களிலிருந்தே குழந்தைகளுக்கான பவுடர் பால்தான் (ஃபார்முலா) கொடுத்து வருகிறேன். தற்போது ஒரு நாளைக்கு நான்கு முறை, வேளைக்கு 180 மில்லி வீதம் பாட்டிலில் குடிக்கிறாள். மூன்று வேளையும் மசித்த உணவு ஊட்டுகிறேன் என்றாலும், பாட்டில் கண்ணில் பட்டுவிட்டால் போதும், வாயிலிருக்கும் உணவை நாக்கால் வெளியே தள்ளிவிட்டுப் பாலுக்குக் கை நீட்டுகிறாள். ஒரு வயதுக்குப் பிறகு பசும்பால் கொடுக்கலாம் என்று குழந்தை மருத்துவர் சொல்லியிருக்கிறார். ஆனால் அதை எப்படித் தொடங்குவது, எவ்வளவு கொடுப்பது என்பதையெல்லாம் அன்றைக்கு விரிவாகக் கேட்டுக்கொள்ள முடியவில்லை.

கையிலிருக்கும் டின் விரைவில் தீர்ந்துவிடும். இன்னொரு டின் வாங்காமல் இப்போதே பசும்பாலுக்கு மாறினால் ஏதேனும் கெடுதல் உண்டா? டம்ளரில் சிறிது பசும்பாலை ஆற்றிக் கொடுத்துப் பார்த்தேன். உதட்டில் பட்டதும் முகத்தைச் சுளித்துத் துப்பிவிட்டாள். வீட்டுப் பெரியவர்களோ, பசும்பால் குழந்தைக்குச் செரிக்காது என்றும், பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து சர்க்கரை போட்டுக் கொடுக்க வேண்டும் என்றும் சொல்கிறார்கள். இவை போதாதென்று, இரவில் பாட்டிலை வாயில் வைத்தபடியே உறங்கும் பழக்கமும் அவளுக்கு இருக்கிறது. பாலை மாற்றும்போதே அதையும் நிறுத்திவிட வேண்டுமா என்று புரியவில்லை. அனுபவப்பட்டவர்களும் விவரம் தெரிந்தவர்களும் வழி சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் – இரு பிள்ளைகளின் அம்மா

வணக்கம் தோழி. என் பிள்ளைகள் இருவரும் பவுடர் பாலில் வளர்ந்து, ஒரு வயதையொட்டிப் பசும்பாலுக்கு மாறியவர்கள். மூத்தவன் கொடுத்த அன்றே எந்தத் தயக்கமும் இல்லாமல் குடித்தான். இளையவளுக்கோ சிறிது சிறிதாகக் கலந்துதான் பழக்க வேண்டியிருந்தது. ஆகவே இப்படித்தான் மாற்ற வேண்டும் என்று ஒரே விதி எதுவும் இல்லை. குழந்தை ஏற்றுக்கொண்டால் ஒரே நாளில் மாற்றினாலும் தவறில்லை, முரண்டு பிடித்தால் ஓரிரு வாரங்கள் எடுத்துக்கொண்டாலும் தவறில்லை.

உங்கள் மகள் துப்பியதற்குக் காரணம் பெரும்பாலும் சுவைதான். பவுடர் பாலில் 100 மில்லிக்கு ஏறத்தாழ 7 கிராம் பால் சர்க்கரை இருக்கும். பசும்பாலில் 5 கிராமுக்கும் குறைவுதான். இத்தனை மாதங்களாக ஒரே இனிப்புக்குப் பழகிய நாக்கு வேறுபாட்டை உடனே கண்டுகொள்ளும். இதற்காகச் சர்க்கரை சேர்க்கத் தொடங்கினால், பிறகு அதை நிறுத்துவதற்கு இன்னொரு போராட்டம் நடத்த வேண்டியிருக்கும் என்பதால் அந்த வழிக்கே போகாதீர்கள். கலந்து பழக்குவதுதான் எளிது.

கலக்கும் முறையில் ஒன்றை மட்டும் மிகவும் கவனமாகச் செய்யுங்கள். பவுடரைத் தண்ணீருக்குப் பதிலாகப் பசும்பாலில் கரைக்கவே கூடாது. அப்படிச் செய்தால் புரதமும் உப்புகளும் குழந்தையின் உடல் தாங்காத அளவுக்குச் செறிந்துவிடும். முதலில் டின்னில் சொல்லியிருக்கும் அளவுப்படி, கொதித்து ஆறிய தண்ணீரில் பவுடரைக் கரைத்துப் பால் தயாரித்துக்கொள்ளுங்கள். தயாரான அந்தப் பாலில் 120 மில்லி எடுத்து, அதனுடன் காய்ச்சிய பசும்பால் 60 மில்லி சேர்த்தால் உங்கள் 180 மில்லி கணக்கு சரியாக வரும். 120 மில்லி என்று சொல்வதற்கும் காரணம் உண்டு. உங்கள் டின்னில் உள்ள கரண்டி 30 மில்லித் தண்ணீருக்கானதாக இருந்தாலும், 60 மில்லிக்கானதாக இருந்தாலும், அரைக்கரண்டி அளக்கத் தேவையில்லாமல் முழுக் கரண்டிகளாகவே போட்டுக்கொள்ள முடியும். சில நாட்களில் அதையே தலைகீழாக்கி, 60 மில்லி பவுடர் பாலுக்கு 120 மில்லி பசும்பால் என்று வைத்து, அதன் பிறகு முழுவதும் பசும்பாலாக்கிவிடலாம். கலந்த பாலைக் குழந்தை வாய் வைத்துக் குடித்த பிறகு, ஒரு மணி நேரத்துக்கு மேல் வைத்திருந்து மறுபடியும் கொடுக்காதீர்கள்.

சூட்டையும் கவனியுங்கள். பவுடர் பாலை வெதுவெதுப்பாகக் குடித்துப் பழகிய பிள்ளைக்குப் பசும்பாலையும் அதே வெதுவெதுப்பில்தான் கொடுக்க வேண்டும். ஆறிப்போன பாலைக் கொடுத்துவிட்டு, பிள்ளைக்குப் பசும்பாலே பிடிக்கவில்லை என்று முடிவுகட்டிவிடக் கூடாது. காய்ச்சிய பால் ஆறும்போது மேலே ஆடை படியும். அது நிப்பிளின் துளையில் போய் அடைத்துக்கொள்ளும். டம்ளரில் கொடுத்தால் உதட்டில் ஒட்டிக்கொள்ளும். குழந்தை துப்புவதற்கு அந்த ஆடை ஒன்றே போதும். ஆறும்வரை கரண்டியால் அவ்வப்போது கலக்கிக்கொண்டே இருந்தால் ஆடை படியாது, அதிலுள்ள கொழுப்பும் வீணாகாது.

பதில் – குழந்தை ஊட்டச்சத்துப் பணியில் இருப்பவர்

சகோதரி, கலக்கும் முறை பற்றி மேலே எழுதியவர் தெளிவாகவே சொல்லிவிட்டார். ஏன் ஒரு வயது வரை காத்திருக்கச் சொல்கிறார்கள், அதன் பிறகும் ஏன் அளவைப் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்பதை நான் விளக்க விரும்புகிறேன், ஏனென்றால் உங்கள் கேள்வியில் எனக்குக் கவலை தந்தது டின் தீர்ந்துபோவது அல்ல, நான்கு வேளை பால் என்ற கணக்குதான்.

உங்கள் மகள் இப்போது ஒரு நாளைக்கு 720 மில்லி பவுடர் பால் குடிக்கிறாள். டின்னின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் பட்டியலில் இரும்புச்சத்து என்ற வரியைப் பாருங்கள். தயாரித்த பால் 100 மில்லிக்கு 0.7 மில்லிகிராம் என்று அதில் இருக்குமானால், அந்தப் பாலிலிருந்து மட்டுமே அவளுக்கு நாளொன்றுக்கு 5 மில்லிகிராம் இரும்பு கிடைத்துக்கொண்டிருக்கிறது. அதே 720 மில்லியைப் பசும்பாலாகக் கொடுத்தால் கிடைப்பது அரை மில்லிகிராம்கூட இல்லை. அதிலும் உடல் எடுத்துக்கொள்வது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். ஒன்று முதல் மூன்று வயது வரையிலான குழந்தைக்கு நாளொன்றுக்கு 7 மில்லிகிராம் இரும்பு தேவை என்பது அமெரிக்கப் பரிந்துரை. பாட்டிலும் அதேதான், பால் நிறமும் அதேதான், குழந்தையும் வயிறு நிறைந்து உறங்குகிறாள். ஆனால் நேற்றுவரை பாலிலேயே கிடைத்து வந்த இரும்பு இன்றைக்கு இல்லை என்பது யார் கண்ணுக்கும் தெரியாது. வளரும் மூளைக்கு இரும்பு இன்றியமையாதது என்பதால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இரும்பு குறைவாக இருப்பது ஒரு பக்கம் என்றால், பசும்பாலில் உள்ள கால்சியமும் கேசீன் என்ற புரதமும் மற்ற உணவிலிருந்து வரும் இரும்பு உடலில் சேர்வதையும் குறைக்கின்றன. அது மட்டுமல்லாமல், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் கணிசமானோருக்குப் பசும்பால் குடிக்கும்போது, கண்ணுக்குத் தெரியாத அளவில் குடலில் இரத்தக் கசிவு ஏற்படுகிறது. வயது கூடக் கூட அது குறைந்து, ஒரு வயதைத் தாண்டியதும் பெரும்பாலும் நின்றுவிடுகிறது. சிறுநீரகத்துக்கும் இதில் பங்கு உண்டு. பசும்பாலில் 100 மில்லிக்கு 3.3 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது. பவுடர் பாலில் அது 1.5 கிராமை ஒட்டியே இருக்கும். கூடுதல் புரதத்தின் கழிவையும் உப்புகளையும் வெளியேற்றச் சிறுநீரகத்துக்கு அதிகத் தண்ணீர் தேவைப்படும் என்பதால், காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வரும் நாளில் சின்னக் குழந்தையின் உடல் விரைவில் நீரிழந்துவிடக்கூடும். இந்தக் காரணங்களை வைத்துத்தான் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகமும் பிரிட்டனின் தேசிய சுகாதார சேவையும் 12 மாதத்துக்கு முன் பசும்பாலை முதன்மைப் பானமாகக் கொடுக்க வேண்டாம் என்கின்றன. தயிராகவோ உணவில் சேர்த்துச் சமைத்தோ சிறிதளவு கொடுப்பதற்கு இந்தத் தடை பொருந்தாது.

பிறந்தநாள் அன்று உடலுக்குள் ஏதோ ஒரு கதவு திறந்துகொள்வதில்லை என்பது உண்மைதான். இருந்தாலும், இன்னும் சில வாரங்களே மீதமிருக்கும் நிலையில், சிறிய டின் ஒன்றை வாங்கிக் கலப்பதற்குப் பயன்படுத்திக்கொள்வதே நல்லது என்பேன். ஒரு வயது நிறைவதற்குச் சில நாட்கள் முன்பு ஒரு வேளையில் மட்டும் கலக்கத் தொடங்கி, நிறைந்த பிறகு மற்ற வேளைகளுக்கும் அதை நீட்டிக்கலாம். குறைமாதத்தில் பிறந்த குழந்தையாக இருந்தால், பிறக்க வேண்டியிருந்த தேதியிலிருந்து வயதைக் கணக்கிட வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அளவுக்கு வருகிறேன். ஒரு வயதுக்கு மேல் நாளொன்றுக்கு 400 முதல் 500 மில்லி பசும்பால் போதுமானது. 100 மில்லியில் ஏறத்தாழ 120 மில்லிகிராம் கால்சியம் இருப்பதால், 500 மில்லியிலேயே 600 மில்லிகிராம் கிடைத்துவிடும். இந்த வயதுக்கான அமெரிக்கப் பரிந்துரை 700 மில்லிகிராம். மீதி உணவிலிருந்து எளிதாக வந்துவிடும். 700 மில்லியைத் தாண்டிப் பால் குடிக்கும் குழந்தைகளுக்கு இரத்தசோகை வரும் வாய்ப்பு கூடுகிறது என்பதால், நீங்கள் இப்போது கொடுக்கும் 720 மில்லியை அப்படியே பசும்பாலாக மாற்றிவிடக் கூடாது. நான்கு வேளையை மூன்றாக்கி, வேளைக்கு 150 மில்லி என்று குறையுங்கள். உணவு நேரத்துக்கு முந்தைய ஒன்றரை மணி நேரத்தில் பால் கொடுக்காமல் இருந்து பாருங்கள். பசி இருந்தால்தான் குழந்தை உணவை மெல்லக் கற்றுக்கொள்ளும். உணவை நாக்கால் தள்ளுகிறாள் என்று நீங்கள் எழுதியதற்கும் இதுவே பெரும்பாலும் தீர்வாக அமையும். முட்டை, நன்றாக வெந்த இறைச்சி, மீன், பருப்பு, பயறு, கீரை ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றாவது ஒவ்வொரு வேளை உணவிலும் இருக்கட்டும். பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்பு உடலில் நன்றாகச் சேர்வதற்கு, ஆரஞ்சு, கொய்யா, தக்காளி போன்று வைட்டமின் சி உள்ள ஏதாவது ஒன்றை உடன் கொடுப்பது உதவும்.

தண்ணீர் கலக்கச் சொல்லும் பெரியவர்களின் அக்கறை புரிகிறது. மிகச் சிறிய குழந்தைகளுக்குப் பசும்பால் கொடுக்க வேண்டியிருந்த காலத்தில், அதன் அடர்த்தியைக் குறைப்பதற்காகத் தண்ணீர் சேர்த்தார்கள். ஒரு வயதுக் குழந்தைக்கு அந்தத் தேவை இல்லை. பாதிக்குப் பாதி தண்ணீர் சேர்த்தால் கொழுப்பும் ஆற்றலும் பாதியாகிவிடும், வயிறு மட்டும் நிறைந்துவிடும். இரண்டு வயது வரை கொழுப்பு நீக்காத முழுப் பாலையே, தண்ணீர் சேர்க்காமல் கொடுங்கள். பாஸ்டரைஸ் செய்த பாலாக இருப்பது நல்லது. கறந்த பாலாக இருந்தால் நன்றாகக் கொதிக்கவிட்டுத்தான் கொடுக்க வேண்டும், ஏனெனில் பச்சைப் பால் வழியாகக் காசநோய், புரூசெல்லா போன்ற தொற்றுகள் பரவக்கூடும்.

பதில் – ஒரு தந்தை

மேலே எழுதியவரிடம் ஓர் ஐயம். உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட இணை உணவு வழிகாட்டுதலில், தாய்ப்பால் அல்லாத பால் குடிக்கும் 6 முதல் 11 மாதக் குழந்தைகளுக்கு ஃபார்முலா பாலோ விலங்குப் பாலோ இரண்டில் எதையும் கொடுக்கலாம் என்று இருக்கிறதே? அப்படியென்றால் 12 மாதம் வரை காத்திருக்கச் சொல்வது எதற்காக?

பதில் – குழந்தை ஊட்டச்சத்துப் பணியில் இருப்பவர்

நல்ல கேள்வி, ஐயா. நீங்கள் சொல்வது சரி. ஆனால் அந்த நிறுவனமே அதை நிபந்தனைக்குட்பட்ட பரிந்துரையாகத்தான் தந்திருக்கிறது. அதற்கான சான்றுகளின் உறுதி குறைவு என்றும் குறிப்பிட்டிருக்கிறது. உலகின் எல்லாக் குடும்பங்களுக்குமாக எழுதப்படும் வழிகாட்டுதல் அது. சுத்தமான தண்ணீரும் சரியான அளவில் கரைத்த பவுடரும் கிடைக்காத வீட்டில், நீர்த்துப்போன பவுடர் பாலைவிடக் காய்ச்சிய விலங்குப் பாலே பாதுகாப்பானதாக இருக்கலாம். ஏற்கெனவே பவுடர் பாலை ஒழுங்காகக் கரைத்துக் கொடுத்து வரும் தாய்க்கு, இரும்பு நிறைந்த அந்தப் பாலைச் சில வாரங்கள் முன்னதாக நிறுத்துவதால் ஆதாயம் எதுவும் இல்லை. மாறாக, ஏதோ காரணத்தால் பத்து மாதத்திலேயே பசும்பாலுக்கு மாறிவிட்ட குழந்தையின் பெற்றோர் அஞ்சிக் கலங்கவும் வேண்டியதில்லை. உணவில் இரும்பு இருக்கிறதா என்பதைப் பார்த்துக்கொண்டு, இரும்புச் சொட்டு மருந்து தேவையா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொண்டால் போதும்.

பதில் – பல் மருத்துவமனையில் பணிபுரிபவர்

இரவுப் பாட்டிலைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். பால் எதுவாக இருந்தாலும் அதில் பால் சர்க்கரை உண்டு. பாட்டிலை வாயில் வைத்துக்கொண்டே குழந்தை உறங்கும்போது உமிழ்நீர் சுரப்பு குறைந்துவிடுவதால், பால் மேல்வரிசை முன்பற்களைச் சுற்றித் தேங்கி நின்று பற்களை அரிக்கத் தொடங்குகிறது. ஈறை ஒட்டிச் சுண்ணாம்பு நிறத்தில் வெள்ளைக் கோடு தெரிந்தால் அதுவே முதல் அறிகுறி. மேல் உதட்டை மெல்லத் தூக்கிப் பார்த்தால்தான் அது கண்ணில் படும். கடைசிப் பாலைப் படுக்கைக்கு வெளியே, உட்காரவைத்துக் கொடுத்து, பல் துலக்கிவிட்டு, அதன் பிறகு உறங்கவையுங்கள். ஒரு வயதிலிருந்து பாட்டிலை ஒவ்வொரு வேளையாகக் குறைத்து, 18 மாதத்துக்குள் முற்றிலும் நிறுத்திவிடுவது நல்லது. எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் குழந்தை தவித்துப்போகும் என்பதால், பகல் பாட்டில்களை முதலில் டம்ளருக்கு மாற்றிவிட்டு, இரவுப் பாட்டிலைக் கடைசியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

மீண்டும் – மழலைத்தாய்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. நீங்கள் சொன்னபடி சிறிய டின் வாங்கி, காலை வேளையில் மட்டும் கலந்து கொடுக்கத் தொடங்கிவிட்டேன். கலக்கிக்கொண்டே ஆற்றியதில் ஆடை படியவில்லை, அவளும் துப்பவில்லை. ஆனால் மலம் முன்னைவிடச் சற்று இறுகி, வெளிர் நிறமாகியிருக்கிறது. இது ஒவ்வாமையின் அறிகுறியா? பசும்பாலுக்குப் பதிலாக, ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கென்று விற்கும் அடுத்த கட்டப் பவுடரையே வாங்கிவிடலாமே என்றும் வீட்டில் ஒரு பேச்சு இருக்கிறது. அது தேவைதானா?

பதில் – குழந்தை ஊட்டச்சத்துப் பணியில் இருப்பவர்

சகோதரி, பால் மாறும்போது மலத்தின் நிறமும் இறுக்கமும் சற்று மாறுவது இயல்புதான். மலம் கெட்டியாகி, கழிக்கும்போது குழந்தை அழுதால் மட்டும், கலக்கும் வேகத்தைக் குறைத்து, உணவோடு தண்ணீரும் பழமும் கூடுதலாகக் கொடுங்கள். பாலின் மொத்த அளவு குறையும்போது பெரும்பாலும் அதுவே சரியாகிவிடும்.

ஒவ்வாமையைப் பொறுத்தவரை, நீங்கள் ஒரு வருடமாகக் கொடுத்து வந்த சாதாரண பவுடர் பாலே பசும்பாலிலிருந்து செய்யப்பட்டதுதான். அந்தப் புரதத்தை உங்கள் மகளின் உடல் இத்தனை மாதங்களாக ஏற்றுக்கொண்டிருக்கிறது என்பதால், இப்போது புதிதாக ஒவ்வாமை தோன்றும் வாய்ப்பு மிகக் குறைவு. பால் சர்க்கரையும் பவுடர் பாலைவிடப் பசும்பாலில் குறைவாகவே இருக்கிறது என்பதால், அது செரிக்காது என்று அஞ்சவும் காரணமில்லை. சோயா பவுடரோ, புரதத்தைச் சிதைத்துத் தயாரித்த சிறப்புப் பவுடரோ மருத்துவர் சொல்லிக் கொடுத்து வந்த குழந்தையாக இருந்தால் நிலைமை வேறு; அந்தக் குழந்தைக்கு வீட்டில் சோதித்துப் பார்க்காமல், மருத்துவர் முன்னிலையில்தான் பசும்பாலைத் தொடங்க வேண்டும். மலத்தில் இரத்தம், உடலெங்கும் தடிப்பு, முகம் அல்லது உதடு வீக்கம், இடைவிடாத வாந்தி, மூச்சிரைப்பு ஆகியவற்றில் எது தெரிந்தாலும் பாலை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

அடுத்த கட்டப் பவுடர் உங்கள் மகளுக்குத் தேவையில்லை. இத்தகைய பால் அவசியமற்றது என்று உலக சுகாதாரப் பேரவை 1986இலேயே தீர்மானம் நிறைவேற்றியிருக்கிறது. 2023 வழிகாட்டுதலும் 12 முதல் 23 மாதக் குழந்தைகளுக்கு விலங்குப் பாலையே சொல்கிறது, அந்தப் பவுடர்களைப் பரிந்துரைக்கவில்லை. அவற்றில் பலவற்றில் சர்க்கரை சேர்க்கப்பட்டிருக்கிறது என்பதையும் டின்னைத் திருப்பிப் பார்த்தால் தெரிந்துகொள்ளலாம். அதில் இரும்பு சேர்த்திருக்கிறார்கள் என்பது உண்மைதான், ஆனால் அந்த இரும்பை உணவிலிருந்து பெறுவதற்குக் குழந்தை பழகிக்கொள்ள வேண்டிய வயது இது. பாதாம் பால், ஓட்ஸ் பால், அரிசிப் பால் போன்றவற்றில் புரதம் மிகக் குறைவு என்பதால் அவையும் பசும்பாலுக்கு மாற்றாகாது. ஆட்டுப் பாலை விரும்பினால், அதில் ஃபோலிக் அமிலம் குறைவு என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வயதுப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லும்போது, ஹீமோகுளோபின் அளவைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். வைட்டமின் டி சொட்டு மருந்தைத் தொடர வேண்டுமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள், ஏனெனில் பவுடர் பாலில் சேர்க்கப்பட்டிருந்த அந்த வைட்டமின் பசும்பாலில் இயல்பாக மிகக் குறைவு. முழுவதும் பசும்பாலுக்கு மாறிய பிறகு, உள்ளங்கையும் கண்ணின் கீழ் இமையின் உட்புறமும் வெளுத்திருந்தாலோ, குழந்தை மண்ணையோ சுவரையோ சுரண்டித் தின்றாலோ, அடுத்த பரிசோதனைத் தேதி வரும்வரை காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.